ஸ்பானியா அண்ணையின் இரண்டாவது சைக்கிள்

வலென்சியா நகரத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் ரகம். ஆனால் கால அட்டவணை அச்சடித்து, வழியெல்லாம் நிறுத்தங்கள் குறித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் முப்பது விநாடி காலூன்றி நின்று, கைப்பிடிக் கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்து, கதவு மூடுவதற்கு ஆகும் நேரத்தையும் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற ஒரே மனிதர், சைக்கிள் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, ஸ்பானியா அண்ணை ஒருவர்தான். சைக்கிளுக்குக் கதவு ஏது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பழக்கம், தம்பி" என்றார்.

ஆஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் என்று ஒரு பேட்டை. சுரங்க ரயில் பாதையின் ஒரு கோடி அதுதான். வண்டியில் தூங்கிப்போனவர்களை எழுப்பி இறக்கிவிடுகிற இடம். திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன எனக்கு அங்கே நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடு. நேர் கீழே மூன்றாவது மாடியில் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. அந்த ரயிலின் ஓட்டுநர்களில் ஒருவர். இருபத்திரண்டு வருடமாக மோர்டென்ஸ்ருட்டிலிருந்து மறுகோடியான கோல்சோஸ், கோல்சோஸிலிருந்து மோர்டென்ஸ்ருட். நோர்வேக்காரர்கள் ஸ்பெயினை ஸ்பானியா என்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் ஒரு வாரம் அங்கே போய்ச் சைக்கிள் ஓட்டிவிட்டு வருவதால் இவருக்கு அந்தப் பெயர். உண்மைப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருந்தது. அதைத் தபால்காரர் மட்டும்தான் உபயோகித்தார்.

"நாள் முழுக்கத் தண்டவாளத்திலை போற மனிசன் நான்" என்பார். "இருபத்திரண்டு வருசத்திலை நானா நினைச்சு ஒருநாளும் இடப்பக்கம் திருப்பினதில்லை. சைக்கிள் எண்டா நினைச்ச இடத்திலை திருப்பலாம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சைக்கிளில் ஏறிய பிறகும் அவர் நினைத்த இடத்தில் திருப்பியதாக எனக்கு நினைவில்லை. அட்டவணையில் போட்டிருந்த இடத்தில்தான் திருப்பினார்.

ஆஸ்லோத் தமிழர்கள் ஊர் சுற்றாதவர்கள் அல்ல. லண்டன், பாரிஸ், டொரண்டோ என்று பறந்தபடிதான் இருப்பார்கள். ஆனால் அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போகிற ஊரில் ஒரு சித்தப்பாவோ, ஒரு மச்சாளோ, குறைந்தது மச்சாளின் கூடப் படித்தவரோ இருக்க வேண்டும். ஓட்டலில் தங்கினால் உறவுக்கு அவமானம். யாருக்காவது பயணம் என்று தெரிந்துவிட்டால் அன்று மாலையே பார்சல்கள் வந்து இறங்கும். மாமிக்கு மிளகாய்த்தூள், மருமகளுக்குக் கம்பளித் தொப்பி, பெறாமகனுக்கு நோர்வேப் பாலாடைக்கட்டி. எங்கள் கட்டடத்திலிருந்து லண்டன் போன ஒருவர், முப்பது கிலோவும் பிறத்தியார் பார்சலாகவே போய்விட, அங்கே ஒரு வாரமும் மச்சானின் சட்டையிலேயே படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்களிடம் போய் ஒருவர் "நான் வலென்சியா போறன்" என்று சொன்னால் என்ன ஆகும்?

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"தூரத்துச் சொந்தம் கூட?"

"இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

"அதுக்குத்தான் போறன்."

இந்தப் பதிலை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. ரகசியமாக வீடு வாங்கிவிட்டார் என்றார்கள் சிலர். இன்னும் சிலர் அங்கே ஒரு ஸ்பானியப் பெண்மணியை உண்டாக்கி, அவளுக்கு வயது, தலைமுடியின் நிறம், முன்கோபம் எல்லாம் கொடுத்து வளர்த்து வந்தார்கள்.

உண்மை இவ்வளவு சுவாரசியமானதல்ல. பன்னிரண்டு வருடம் முன்பு அவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த அம்மாள் நகரத்தின் மறுபக்கம் குடியிருக்கிறார். மகள் தாயோடு வளர்ந்து, வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் படித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். பிரிந்த புதிதில் அண்ணை, எல்லோரையும்போல, லண்டனில் தம்பி வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். ஏழு நாள், ஏழு வீடு, ஏழு விருந்து. "ஏன் பிரிஞ்சனீங்கள்?" என்று சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை. திரும்பி வந்ததும் வரைபடத்தை விரித்து வைத்து, வெயில் அடிக்கிற ஊராக, மேடு பள்ளம் இல்லாத ஊராக, "எங்கடை ஆக்கள்" ஒருவர்கூட இல்லாத ஊராகத் தேடியிருக்கிறார். வலென்சியா அகப்பட்டது. இதை அவர் வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மாடியேறி என் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகு அவ்வளவு சிரிப்பாக இல்லை.

இதில் எனக்கு விளங்காத சமாசாரம் ஒன்று இருந்தது. ஒருத்தரும் வேண்டாம் என்று போகிறவர், வாடகைக் கடையில் வருடா வருடம் இரண்டு சைக்கிள் எடுப்பார். ஒன்றில் இவர் போவார். மற்றது ஓட்டல் முற்றத்தில் சுவரில் சாய்ந்தபடி ஏழு நாளும் நிற்கும்.

"ஸ்பெயார் வண்டி. டிப்போவிலை எப்பவும் ஒரு ரயில் சும்மா நிக்கும், தம்பி. நிக்க வேணும்" என்றார்.

அந்த ஸ்பெயார் வண்டிக்கு ஆள் பிடிக்க அவர் அழைக்காத தமிழர் மோர்டென்ஸ்ருட்டில் கிடையாது. பல் டாக்டரைக் கேட்டார், தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியரைக் கேட்டார், பலசரக்குக் கடைக்காரரைக் கேட்டார். எல்லோரும் "ஓம், பாப்பம்" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் பார்க்கவில்லை. அவர் கேட்காத ஒரே ஆள் அவருடைய மகள்.

"ஏண்ணா, பொண்ணைக் கூப்பிடக் கூடாதா?" என்றேன் ஒருநாள்.

"அவ இஞ்சை பிறந்த பிள்ளை. அவவுக்கெண்டு ஒரு வாழ்க்கை இருக்கு. தகப்பன் எண்டு போய் இழுத்துக்கொண்டு நிக்கக் கூடாது" என்றார், ஏதோ நோர்வே அரசாங்கம் போட்ட சட்டத்தைச் சொல்கிறவர்போல. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் தொலைபேசியில் பேசுவார்கள். நாலு நிமிஷம். அங்கே என்ன வானிலை, இங்கே என்ன வானிலை. தேநீருக்குப் போய் நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "துரொண்ட்ஹெய்மிலை மழையாம்" என்பார். பிறகு, குடித்து முடிக்காத கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போவார்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு பிறந்தநாள் விழாவில். வாயில் ரோல்ஸ் இருந்த சமயம் பார்த்து, "தம்பி, மே மாசம் நீர் வாறீரோ?" என்று கேட்டார். "பாக்கலாம்ணா" என்றேன். திருச்சியில் அதற்கு என்ன அர்த்தமோ யாழ்ப்பாணத்திலும் அதே அர்த்தம்தான். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும், நாலாம் நாள் காலையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட மூன்று பக்க அட்டவணையோடு என் கதவைத் தட்டினார்.

ஏன் மறுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலம் எனக்கு மோசமாகப் போய்க்கொண்டிருந்தது. காலை ஒன்பதுக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை ஒரு மனிதரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. திங்களன்று முதல் வணக்கம் சொல்லும்போது தொண்டையிலிருந்து வேறு யாரோ பேசுவார்கள். அப்படி இருக்கிறவனிடம் ஒருவர் வந்து, மே மாதம் இன்ன தேதி 9.05க்கு நீ இன்ன பாலத்தடியில் நிற்க வேண்டும் என்று தாளில் அடித்துக் கொடுத்தால், அவனுக்கு அழுகை வருமே தவிர மறுக்க வராது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் பயிற்சி. வெளியே முழங்கால் அளவு பனி என்பதால் கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில். நான் தூண்களைச் சுற்றி வர, அண்ணை நடுவில் நின்று அறிவிப்பார். "அடுத்த தரிப்பு, குப்பைத் தொட்டி." முப்பது விநாடி. "அடுத்த தரிப்பு, தண்ணிக் குழாய்." ஒருநாள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நோர்வேக்காரர் இறங்கி வந்தார். குப்பைத் தொட்டி அருகில் இரண்டு பெரிய மனிதர்கள் எதற்கோ காத்து நிற்பதைப் பார்த்தார். "ஹை" என்றார். போய்விட்டார். அந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: கார் நிறுத்துமிடத்தில் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை, அவசியமானால் மாலை ஆறிலிருந்து ஏழுவரை ஓட்டலாம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வலென்சியாவில் இறங்கினோம். மறுநாள் காலை ஓட்டல் முற்றத்தில் இரண்டு சைக்கிளும் தயாராக நின்றன. என் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. இருக்கையில் ஒரு சீட்டு கட்டியிருந்தது; அதில் 1.60 என்று எழுதியிருந்தது.

"யாருக்குண்ணா இந்த உயரம்?"

"அது பழைய ஓடர். ஒவ்வொரு வருசமும் கடைக்காரன் அப்பிடியே குடுக்கிறான்" என்று சொல்லி, சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருகுச் சாவியால் என் உயரத்துக்கு இருக்கையை ஏற்றிக் கொடுத்தார். ஏற்றுவதற்கு அவருக்குக் கொஞ்சம் மனசில்லாததுபோல் எனக்குப் பட்டது.

வலென்சியாவின் நடுவே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய படுகை முழுவதையும் பூங்காவாக்கிவிட்டார்கள். மேலே பாலங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கீழே தண்ணீர் ஓடிய இடத்தில் சைக்கிள்கள் ஓடுகின்றன. இவ்வளவு பாலங்களைப் பார்த்தால் ஒரு ரயில் ஓட்டுநருக்கு என்ன தோன்றும்? ஒவ்வொரு பாலமும் ஒரு நிலையம். காலை ஊன்றுவார், கண்ணாடியைப் பார்ப்பார், முப்பது எண்ணுவார், கிளம்புவார். பின்னால் வேகமாக ஓடி வந்த உடற்பயிற்சிக்காரர்கள் எங்கள்மேல் மோதாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஒரு பாலத்தடியில், காய்கறிப் பையோடு வந்த கிழவி தனக்காகத்தான் நிற்கிறோம் என்று நினைத்து ஏதோ சோகக் கதையை ஆரம்பித்துவிட்டார். அண்ணை இருபத்தொன்பது விநாடி மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். முப்பதாவதில் மிதித்துவிட்டார்.

மிதிப்பதற்கு யாழ்ப்பாணத்தில் உழக்குவது என்பார்கள். "உழக்கும் தம்பி, உழக்கும், ஒரு நிமிசம் லேற்" என்று முன்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். என் உயிர் போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்பானிய மொழி அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. எல்லோரிடமும் நோர்வே மொழியில் பேசினார். "வெளிநாட்டுக்காரரோடை வெளிநாட்டுப் பாஷைதானே கதைக்க வேணும்?" என்பது அவருடைய நியாயம். 10.14க்கு ஒரு காப்பிக்கடை. அந்த ஊரில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது. ஆனால் அந்தக் கடைப் பெண்மணி 10.13க்குக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். முதல் நாள் அண்ணையோடு என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி இரண்டாவது கோப்பை கொண்டுவந்தார். கேக் கொண்டுவந்தார். என் கன்னத்தைத் தட்டி, அவரைக் காட்டி, நெடுநேரம் ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"என்னண்ணா சொல்றாங்க?"

"கேக் நல்லா இருக்காம்."

"உங்களுக்குப் புரியுதா?"

"புரியாது. அதுதான் வசதி. அவ என்ன கேட்டாலும் நான் மறுமொழி சொல்லத் தேவையில்லை" என்று சொல்லி, காப்பியைக் குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குப் பெரிய தேவாலய வாசல். வயலுக்குத் தண்ணீர் விடுகிற வழக்குகளைத் தீர்க்கக் கறுப்பு அங்கி போட்ட விவசாயிகள் எட்டுப் பேர் அங்கே வந்து வட்டமாக உட்காருவார்கள். பெரும்பாலும் வழக்கு ஒன்றும் இருக்காது. அன்றும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் எழுந்து போனார்கள். அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இந்த ஊரிலை நேரத்துக்கு வாறது இவையும் நானும்தான்" என்றார். மத்தியானச் சாப்பாடு பாயேயா என்கிற அவர்களுடைய பெரிய தட்டுச் சோறு. கைப்பிடிப் பையிலிருந்து சின்னப் போத்தலில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் எடுத்து அதன் தலையில் தூவினார். பரிமாறுகிறவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மனிதர் அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க மாட்டார்.

மூன்று நாள் இப்படியே போனது. பகலெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சாயங்காலம் ஓட்டல் முற்றத்தில் சைக்கிள்களைப் பூட்டும்போது அவர் முகம் அணைந்துபோகும். பூட்டிய பிறகும் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருப்பார். நான் உட்கார வேண்டிய இடமில்லை அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்கவில்லை.

நாலாம் நாள், சனிக்கிழமை, ஊருக்குத் தெற்கே ஏரி. கடலோரமாகப் பைன் மரங்களுக்கு நடுவே போய், பிறகு வயல்களுக்குள் இறங்க வேண்டும். நெல் விதைக்கத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் ஆகாயமும்தான்; நடுவில் ஒற்றைத் தார்ச்சாலையில் நாங்கள் இரண்டு பேர். 11.52க்கு என் பின் சக்கரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"காத்துப் போட்டுது" என்றார் அண்ணை. அவருடைய கவலை டியூபைப் பற்றியதல்ல. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டதே என்பதுதான். பன்னிரண்டு வருடமாக ஸ்பெயார் சைக்கிள் வைத்திருந்த மனிதரிடம் ஒரு ஸ்பெயார் டியூப் இல்லை. ஏரிக்கரைக் கிராமம்வரை தள்ளிக்கொண்டே போனோம். வாசலில் ஆரஞ்சுக் கூடைகள் அடுக்கிய சின்னப் பலசரக்குக் கடை ஒன்று இருந்தது. அதன் படியருகே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டயரைத் தடவினார். ஆணி கையில் குத்தியது.

"சனியன் பிடிச்ச ஆணி."

கடைக்குள்ளே, வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணை... யாழ்ப்பாணத்திலை எவடம்?"

அண்ணை நிமிர்ந்து நின்று, மன்னிக்க வேண்டும், எனக்கு நீங்கள் பேசுவது விளங்கவில்லை என்று சுத்தமான நோர்வே மொழியில் சொன்னார்.

நாற்பது வயதுக் கடைக்காரர் ஒருவர் கையில் விலை ஒட்டும் கருவியோடு வெளியே வந்தார். "ஆணியைத் தமிழிலைதானே ஏசினனீங்கள், அண்ணை."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

"ரெண்டு வருசம், அண்ணை. இந்தப் பக்கத்திலை நானும் மனிசியும் மட்டும்தான். ரெண்டு வருசமா ஒருத்தரைப் பாத்து எவடம் எண்டு கேக்கேல்லை. வாய் நமநமக்குது. ஒருக்காச் சொல்லுங்கோ."

இப்படிக் கெஞ்சினால் ஒரு மனிதர் என்ன செய்வார்? அண்ணை ஊர்ப் பெயரைச் சொன்னார். கடைக்காரர் உடனே கடையைப் பூட்டி, மூடியிருக்கிறது என்ற அட்டையைத் தொங்கவிட்டார். பத்தாவது நிமிஷம் கடையின் பின்கட்டில் நாங்கள் ஏரி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அட்டவணைப்படி திரும்பிப் புறப்பட வேண்டிய நேரம் 12.40.

கேள்விகள் வந்தன. எந்தப் பள்ளிக்கூடம், எப்ப நோர்வேக்கு வந்தனீங்கள், என்ன வேலை. அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில் பதில் சொல்லி நகர்ந்துகொண்டிருந்தார். அப்புறம் அது வந்தது.

"வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?"

நான் அவசரமாக, "மீன் ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அண்ணை சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் தனியத்தான் இருக்கிறன்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "பன்னிரண்டு வருசமா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "முந்தி எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்திச்சினம். தாங்கேலாமல்தான் இஞ்சை ஓடி வந்தனான். இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை. அதுவும் நல்லா இல்லை."

ஒன்றரை வருடமாக அவர் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறேன். ரயில் எத்தனை வேகம் போகும் என்று கேட்டிருக்கிறேன், தேநீருக்கு என்ன இலை என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு துண்டு மீனை வைத்தார். "பிள்ளையள்?"

"ஒரு மகள். துரொண்ட்ஹெய்மிலை."

"அவவை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"அவவுக்கு வேலை."

"கேட்டனீங்களோ?"

அண்ணை மீனில் முள் எடுத்தார்.

"அண்ணை, கேட்டனீங்களோ?"

"இல்லை."

"கேக்காமல் வேலை எண்டு எப்பிடித் தெரியும்? எடுங்கோ ஃபோனை."

"இண்டைக்குச் சனி. ஞாயிறு ஆறு மணிக்குத்தான் நாங்கள் கதைக்கிறது."

"பெத்த பிள்ளையோடை கதைக்கவும் டைம்டேபிளோ?" என்று அடுப்படியிலிருந்து கடைக்காரரின் மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாளே வந்து, அண்ணையின் வலது கை குழம்பாக இருந்ததால், அவர் காட்டிய பெயரை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேஜைமேல் வைத்தார்.

ஐந்து தடவை மணியடித்தது. "பாத்தியளோ, வேலை" என்றார் அண்ணை, தப்பித்த நிம்மதியோடு.

"பப்பா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, பிள்ளை."

"ஆஸ்பத்திரியிலை இருக்கிறீங்களா?"

"இல்லை. மீன் குழம்பு சாப்பிடுறன்."

"ஆரோடை?" என்றாள்.

அண்ணை, "அங்கை மழையோ?" என்று கேட்டார். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஓம், கொஞ்சம்."

எல்லாம் அவ்வளவுதான், வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அண்ணை போனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளை, இஞ்சை ரெண்டு சைக்கிள் இருக்கு. ஒவ்வொரு வருசமும் நான் ரெண்டு எடுக்கிறனான்."

"மற்றது ஆருக்கு?"

"ஒரு மீட்டர் அறுபது உயரத்துக்குச் சொல்லி எடுக்கிறனான்."

பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் இப்ப ஒரு மீட்டர் எழுபது, பப்பா."

"ஓம். வளர்ந்திருப்பாய்தானே."

"நீங்கள் ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் போகோணும் எண்டு அம்மாட்டைச் சொன்னனீங்கள். நானும் அதுக்குள்ளைதான் எண்டு நினைச்சன். அதாலைதான் வரட்டோ எண்டு கேக்கேல்லை."

"நீ அதுக்குள்ளை இல்லை, பிள்ளை" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தட்டில் மூன்றாவது துண்டு மீனையும் வைத்தார். "அடுத்த மே நான் லீவு போடுறன், பப்பா. ஓகேயா? பப்பா?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான், "அவர் சரின்னு தலையாட்டறாருங்க" என்று சொன்னேன்.

கடைக்காரர் என் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது மணி நாலு பத்து. மூன்றரை மணி நேரத் தாமதம். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் கண்டிராதது. அட்டவணைத் தாளில் குழம்பு கொட்டிவிட்டது என்று கடைக்காரரின் மனைவி குப்பையில் போட்டிருந்தார். அண்ணை தேடவில்லை. திரும்பும் வழியில் ஒரு நிலையத்திலும் நிற்கவில்லை. மகள் சின்ன வயதில் சைக்கிள் பழகிய கதையைத் தோளுக்கு மேலே சத்தமாகச் சொல்லிக்கொண்டே உழக்கினார். நடுவே ஏதோ ஒரு பாதையில் சட்டென்று இடப்பக்கம் திருப்பினார்.

"எங்கண்ணா போறோம்?"

"தெரியேல்லை" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

நாங்கள் போய் நின்ற இடம் கடற்கரை. வழி தவறி ஓட்டல் வந்து சேர எட்டு மணியானது. என் கால்கள் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்கவே இல்லை.

அடுத்த பிப்ரவரியில் அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் தாள் எதுவும் இல்லை. தேநீர் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, மகள் வாறா. மூண்டு சைக்கிள் எடுக்கச் சொல்லட்டே? நீரும் வாரும்" என்றார்.

"இல்லண்ணா, அந்த வாரம் எனக்கு வேலை நெருக்கடி."

"உண்மையாவோ?"

"உண்மையா."

பொய். அந்த வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அப்பாவும் மகளும் பன்னிரண்டு வருடக் கதையைப் பேசிக்கொண்டு போகும்போது, பின்னால் நாக்குத் தள்ளிக்கொண்டு நான் எதற்கு?

மே மாதம் போனார். வயல் நடுவே இருவரும் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று வந்தது. அவள் அவரைவிட உயரமாக இருந்தாள். அந்த வாரம் முழுதும் நான் வழக்கம்போல மோர்டென்ஸ்ருட்டில் காலை வண்டி ஏறி வேலைக்குப் போனேன். ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நேரத்துக்கு வந்தார், நன்றாகத்தான் ஓட்டினார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.